முனை வரைக்கும்

— அதனால வியாழக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பறதுல மாத்தமே இல்லை, மாமி. டிக்கெட்டை மாத்தியாச்சு. இந்தப் பாதையில நீங்க என்னை ஒரு மைல் நடத்தினாலும் சரி, பத்து மைல் நடத்தினாலும் சரி.

— பத்தெல்லாம் இல்லை மாமா, ஒண்ணுதான். மாப்பிள்ளையே சொன்னாரே, 'ஒரு மைல்தான் மாமி, எங்கப்பாவை எப்படியாவது அந்தக் கடல் முனை வரைக்கும் இழுத்துண்டு போயிட்டு வாங்கோ'ன்னு. சொல்லப்போனா எங்க மாயவரத்துல மணிக்கூண்டுலேர்ந்து காவேரிக்குப் போற தூரம்.

— மணிக்கூண்டுகிட்ட இப்படிக் காத்தடிக்காது. பாதைக்குப் பக்கத்துல பனைமர உசரத்துக்குப் பள்ளமும் இருக்காது.

— அதனாலதான் உங்களை உள்பக்கமா வரச் சொன்னேன். நீங்க விழுந்து வெச்சேள்னா, சம்பந்தியைக் கடல்ல தள்ளிவிட்டாள்னு எனக்குப் பேர் வரும்.

— வரட்டுமே. எங்க அச்சுதன் கல்யாணத்துல சம்பந்தி சண்டையே போடலைன்னு எங்க அத்தைக்கு இன்னும் குறை.

— பேச்சை மாத்தாதேங்கோ. இன்னும் மூணு வாரத்துல குழந்தைக்கு ஆண்டு நிறைவு. அப்பா ஹோமத்துக்கு இருக்கணும்னு உங்க பிள்ளை எவ்வளவு ஆசையா இருக்கார். வாயைத் திறந்து கேக்கத் தெரியலை, அப்படியே உங்களைக் கொண்டிருக்கார். நீங்க என்னடான்னா பெட்டியைத் தூசி தட்டிண்டிருக்கேள்.

— நீங்க வந்து பத்து நாளாச்சு. ரிலீவர் வந்து சார்ஜ் எடுத்தப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்துல நிக்கப்படாது. அதான் ரூல். ரைட்டா?

— ரூலாவது ஒண்ணாவது. ரெண்டு மாசமா அந்த ஃப்ரீமான்ட் அபார்ட்மென்டை விட்டு நீங்க எங்கயும் வரலையாமே. கோல்டன் கேட் பாலத்துக்குக் கூப்பிட்டாக்கூட வரலைன்னுட்டேளாம்.

— முப்பத்தாறு வருஷம் ரயில்வேல இருந்தவன் பார்க்காத பாலமா? கொள்ளிடத்தைவிடவா?

— இன்னிக்கு மட்டும் எப்படி வந்தேள்?

— நீங்கதான் காலம்பற ஏழு மணிக்கே ஷூவை மாட்டிண்டு வாசல்ல நின்னேளே. குழந்தையோட ஸ்ட்ரோலர் மண் பாதையில வராதாம், பிள்ளையும் மாட்டுப்பொண்ணும் பார்க்கிங் லாட்லயே இருக்காளாம். உங்களைத் தனியா அனுப்ப முடியுமா?

— அப்படிச் சொல்லுங்கோ. இது என்ன செடி மாமா? முட்டி உசரம்கூட வளரலை. ஆனா மலை பூரா கம்பளி போத்தினாப்ல பின்னிண்டிருக்கு.

— காத்து வளர விடலை. தலையைத் தூக்கினா ஒடிச்சுடும்னு தெரிஞ்சு, படுத்துண்டே வளர்றது.

— எங்காத்துக்காரர் மாதிரி.

— பாவம் கஸ்தூரிரங்கன். மாயவரத்துல ஈஸி சேர்ல அவர்பாட்டுக்கு இருக்கார்.

— அதான் சொல்றேன். இந்த இலையைக் கசக்கிப் பாருங்கோ. ஓமமும் கற்பூரமும் கலந்தாப்ல இல்லை? ரசத்துல ரெண்டு போட்டா எப்படி இருக்கும்?

— மாமி, இது கவர்ன்மென்ட் இடம். இலையைப் பறிக்கப்படாதுன்னு போர்டு போட்டிருந்தான். கைப்பையை மூடுங்கோ.

— ரெண்டு இலைதான். உங்க கண்ணுல எல்லா போர்டும் படும். அந்த மஞ்சப்பூ பட்டுதோ? அதோ, பள்ளத்தோட விளிம்புல. அந்த ஃபோட்டோல இருந்த பூதானே அது?

— ஒரு நிமிஷம், மாமி.

— நின்னுட்டேளே?

— மூச்சு வாங்கறது. அந்தப் பூதான். இவா கல்யாணமான புதுசுல இங்க வந்து எடுத்த ஃபோட்டோ. எங்காத்துல காமாக்ஷி அதை சுவாமி அலமாரியில லக்ஷ்மி படத்துக்குப் பக்கத்துல சாத்தி வெச்சிருந்தா. தினமும் விளக்கேத்தறப்போ அதுக்கும் ஒரு பூ. 'அந்த முனைல நின்னு ரெண்டு பக்கமும் சமுத்திரம் பார்க்கணும்'னு ஸ்லோகம் மாதிரி சொல்லிண்டிருப்பா.

— தெரியும். 'முனைல நிக்கணும் அபயம்'னு எனக்கும் ஃபோன்ல சொல்லியிருக்கா. ஐயோ, கீழ பாருங்கோ மாமா, மணல்ல. யாரோ மூட்டை மூட்டையா இறக்கிப் போட்டிருக்கா.

— மூட்டை இல்லை. ஒண்ணு புரண்டு படுக்கறது பாருங்கோ. கடல் பிராணி. இந்த மாசம் கரையில வந்து தோல் உரிக்குமாம், போர்டுல படிச்சேன். கூட்ஸ் ஷெட்ல மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனா போர்ட்டரெல்லாம் இப்படித்தான் கிடப்பா. எழுப்பினா இதே மாதிரிதான் ஒரு சத்தம் வரும்.

— சிரிச்சுட்டேளே. ரெண்டு மாசத்துல முதல் சிரிப்பாம், கீழ போய் என் பொண்ணுகிட்ட சொல்லணும். இந்தப் பாறையில உக்காந்து ஒரு வாய் தயிர் சாதம் சாப்பிட்டுட்டு நடக்கலாம். தோள் பையை இறக்குங்கோ. நீல மூடி டப்பா.

— என்ன கனம் கனக்கறது. ரைட், திறக்கறேன். மாமி.

— ஊறுகாய் தனியா இருக்கு, பிளாஸ்டிக் பையில.

— மாமி, இது தோசை மாவு.

— என்னது? காமிங்கோ. அட ராமா. நீல மூடியைப் பார்த்துத்தானே எடுத்தேன்?

— உங்க பொண்ணாத்து ஃப்ரிட்ஜ்ல ஏழு டப்பா இருக்கு. ஏழுக்கும் நீல மூடி. ஏழுலயும் வெனிலா ஐஸ்க்ரீம்னு எழுதியிருக்கு. ஒண்ணுலயும் ஐஸ்க்ரீம் இல்லை. முதல் வாரம் நான் சாம்பார்னு நினைச்சு மருதாணியைச் சுட வெச்சுட்டேன்.

— கார் சூட்டுல பொங்கிண்டு வேற வந்திருக்கு. மூடுங்கோ, மூடுங்கோ. சட்டையில வழியறது.

— ஆக ஒரு மைல் தூரம் நான் தோள்ல சுமந்துண்டு வந்தது நாளைக்கு வார்க்கற தோசை.

— முக்கால் மைல்தான்.

— ரைட். சாப்பாடு இல்லை. சிக்னல் விழலைன்னு அர்த்தம். திரும்பலாம் மாமி. இதோ இங்கேர்ந்தே ரெண்டு பக்கமும் தண்ணி தெரியறது. பார்த்தாச்சு.

— திரும்பறதா? இன்னும் கால் மைல்தானே பாக்கி? கைப்பையில முறுக்கு இருக்கு. இந்தாங்கோ, பிடியுங்கோ. நான் ஒரு பேச்சு சொல்றேன். முனை வரைக்கும் வாங்கோ. அங்க போய் நின்னப்புறமும் வியாழக்கிழமைன்னு சொன்னேள்னா, பெட்டியை நானே கட்டித் தரேன். வழிக்குப் புளியோதரையும் கிளறித் தரேன். அப்புறம் ஆண்டு நிறைவுன்னு வாயே திறக்க மாட்டேன்.

— சத்தியமா?

— இந்தத் தோசை மாவுமேல அடிச்சு சத்தியம்.

— அதைத் திறக்காதேங்கோ. நம்பறேன். நடங்கோ.

— முறுக்கு எப்படி இருக்கு?

— பல்லுக்கு வேலை. காமாக்ஷி பண்ணினா வாயில போட்டதும் கரைஞ்சுடும். தப்பா எடுத்துக்காதேங்கோ.

— எடுத்துக்கலை. அவளுக்கு அது கை வந்த விஷயம். மாமா, நான் ஒண்ணு கேக்கறேன். மூணு வாரம் இருக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? அங்க திருச்சில யார் காத்துண்டிருக்கா?

— யாரும் இல்லை. அது இல்லை மாமி. குழந்தை என்னைப் பார்த்தா சிரிக்கறது. காலம்பற எழுந்து தவழ்ந்து நேரா என் அறைக்குத்தான் வரது. கட்டிலைப் பிடிச்சுண்டு எழுந்து நின்னு, ரெண்டு பல்லைக் காட்டும். அது காமாக்ஷிக்கு வரவேண்டிய சிரிப்பு. அவ இடத்துல உக்காந்துண்டு நான் அதை வாங்கிக்கறேன். எனக்குக் கூசறது. ஹோமத்தன்னிக்கு எல்லாரும் என்னை மணையில உக்கார்த்தி வெச்சு அட்சதை போடச் சொல்லுவா. என்னால ஆகாது.

— நீங்க என்ன பண்ணுவேள்? அவ விதி.

— விதி இல்லை மாமி. அதைத்தான் யார்கிட்டயும் சொல்ல முடியலை. போகட்டும். ஷூ கடிக்கறதா? மெதுவா நடக்கறேளே.

— கடிக்கலை. உங்களுக்கு சங்கடமா இருக்குமோன்னுதான். காமாக்ஷிக்குன்னு வாங்கின ஷூ. ரெண்டு வருஷமா எங்க விஷாகாவோட அலமாரியில பெட்டியே பிரிக்காம இருந்தது. நேத்தி அவதான், 'போட்டுக்கோம்மா, செருப்போட அந்தப் பாதையில நடக்க முடியாது'ன்னு எடுத்துக் குடுத்தா.

— போட்டுக்கோங்கோ. எங்க மாட்டுப்பொண்ணு பார்த்துப் பார்த்து வாங்கினது. அலமாரியில கிடக்கறதுக்கு நடந்தாத் தேவலை. பார்த்து, இங்க மண் சரியறது. என் கையைப் பிடிச்சுக்கோங்கோ.

— சம்பந்தி கையைப் பிடிக்கவேண்டியதாப் போச்சே. மாயவரத்துல தெரிஞ்சா?

— நான் சொல்லலை. நீங்களும் சொல்லாதேங்கோ. ரைட். ஒரு படி. இன்னும் ஒண்ணு. வந்தாச்சு மாமி. இதுக்கு மேல லைன் இல்லை.

— அம்மாடி. அந்தப் பக்கம் பாருங்கோ, பாறையில அடிச்சு ஆள் உசரத்துக்குத் தெறிக்கறது. இந்தப் பக்கம் கோவில் குளமாட்டம் அசையாம கிடக்கு. ரெண்டும் ஒரே தண்ணிதானே?

— ஒரே தண்ணிதான். நடுவுல இந்த முனை நிக்கறது, அவ்வளவுதான்.

— சட்டைப் பையில என்ன மாமா? அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கறேள்.

— காமிக்கலாம்னுதான் நானும் நினைச்சேன். நேத்தி நீங்க ஷூவை எடுத்தப்போ பெட்டிக்கடியில இந்தப் பேப்பர் இருந்தது. விஷாகா பத்திரமா வெச்சிருக்கா. அப்போ அவ காமாக்ஷிக்கு லெட்டர் எழுதியிருந்தா, 'அம்மா, நீங்க நடக்கறதுக்கு ஷூ வாங்கி வெக்கறேன், பேப்பர்ல காலை வெச்சு பென்சிலால வரைஞ்சு அனுப்புங்கோ'ன்னு. காமாக்ஷி அனுப்பின பேப்பர் இது. அவ பாதம்.

— ஓரத்துல அவ கையெழுத்து.

— தேதி போட்டிருக்கா. பதினாறு, நாலு, தொண்ணூத்தெட்டு. அவ ஏப்ரல்லயே தயார், மாமி. மே மாசம் எனக்கு ரிடயர்மென்ட், ஜூலைல கிளம்பறதுன்னு பேச்சு. ஜூன் ரெண்டாம் தேதி ரயில்வே ட்ரெயினிங் ஸ்கூல்லேர்ந்து கடுதாசி வந்தது, ஆறு மாசம் வந்து பசங்களுக்குப் பாடம் எடுக்க முடியுமான்னு. எனக்குப் பெருமை தாங்கலை. 'ஜனவரியில போலாமே'ன்னேன். 'அதுக்கென்ன, போங்கோ'ன்னா. டிசம்பர்ல போயிட்டா. ஜூலைலயே அழைச்சுண்டு வந்திருந்தா, இந்தக் கால் இங்க நின்னிருக்கும்.

— இதுதான் வியாழக்கிழமைக்குக் காரணமா?

— இதுதான். நேத்திலேர்ந்து இன்னொண்ணும் சேர்ந்துண்டுடுத்து. அவளுக்குப் பூப்போல சின்னக் கால். இது பெரிசா இருக்கு. அப்பவே வீங்கியிருந்திருக்கு. கூடவே இருந்த எனக்குத் தெரியலை.

— மாமா, நான் இப்படி உக்காந்துக்கறேன். பேப்பரைப் பாறைமேல விரிச்சு, காத்துல போகாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்கோ. இதோ, ஷூவைக் கழட்டியாச்சு.

— என்ன பண்றேள்? அதும்மேல காலை வெக்காதேங்கோ மாமி. அது அவ பாதம்.

— வெச்சாச்சு. கோபப்படாம குனிஞ்சு பாருங்கோ.

— அச்சு அசலா இருக்கே. கட்டைவிரல், குதிகால், எல்லாம். அந்தச் சுண்டுவிரல் கோணிண்டு வெளியில தள்றதுகூட.

— அது பத்து வயசுல அம்மிக் குழவி விழுந்து கோணினது. காமாக்ஷிக்கு அப்படி இருந்ததா?

— இல்லை.

— வருஷப்பிறப்புக்கு முதல் நாள், கண்ணாடி மாத்தப் போறேன்னு சொல்லிட்டுப் போனாளே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. பழைய கண்ணாடியோடயே திரும்பி வந்தா. கடை மூடியிருந்ததுன்னா.

— போனது டாக்டர்கிட்ட. அவர் ஒளிக்காம சொல்லிட்டார், இந்த வருஷம் தாண்டாதுன்னு. ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்தவ, பதினாறாம் தேதி உங்காத்துல எட்டிப் பார்த்தேன். நீங்க டூட்டியில. என்கிட்ட சொன்னா. அழுதது நான்தான். அவ எழுந்து போய்ப் பேப்பரும் பென்சிலும் எடுத்துண்டு வந்தா.

— ஏப்ரல்லயே தெரியுமா அவளுக்கு? கடுதாசி வரதுக்கு முன்னாடியே? ரெண்டு வருஷமா நீங்க ஏன் மாமி எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை?

— அவ போட்ட கண்டிஷன். முனைல நிக்க வெச்சுத்தான் சொல்லணும், நடுவுல சொன்னா பாதியிலயே திரும்பிடுவார்ன்னு. தோசை மாவைப் பார்த்ததும் திரும்பத்தானே பார்த்தேள்?

— அப்போ இந்தக் கோடு?

— தரையில பேப்பரை விரிச்சு, 'காலை வை அபயம்'னா. 'விஷாகா கேட்டது உன் காலைத்தானே'ன்னேன். என் பாதத்தைக் கெட்டியாப் பிடிச்சுண்டு, குனிஞ்சு கோடு போட்டுண்டே சொன்னா, 'இதைப் போட்டுண்டு நடக்கப்போறது நீதான், உனக்குப் பொருந்தினாப் போதும். அவரை மட்டும் முனை வரைக்கும் கூட்டிண்டு போயிடு'ன்னு.