கல்லல் அணியைச் சுடுவதாகச் சொன்னது குறித்து

பாண்டீஸ்வரி, வயது 39, கணவர் பெயர் பாண்டிமுருகன், கழனிவாசல், காரைக்குடி. ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் விசாரித்தபோது சொன்னது.

நான் மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறேன். சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறேன். என் மகள் அபி காரைக்குடி பெண்கள் கால்பந்து அணியில் கோல் கீப்பர். போன வருஷம் கல்லல் அணியுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் பார்க்க வந்தவர்கள் அடித்துக்கொண்டதால் ஆட்டம் பாதியில் நின்றது. இந்த வருஷமும் கலாட்டா நடந்தால் பெண்கள் ஆட்டத்துக்கே இனி அனுமதி கிடையாது என்று போலீசார் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் ஒரு பாவமும் செய்யவில்லை.

விடுதியில் தங்கிய ஜெர்மன் தம்பதி, தங்கள் ஊரில் ஆட்டத்துக்கு முன்பு மைதான வாசலில் கரி அடுப்புப் போட்டு, பிராட்வர்ஸ்ட் என்ற கறிக்குழலைச் சுட்டு, எதிரணி ஆட்களுக்கும் ரொட்டியில் வைத்துக் கொடுப்பார்கள் என்றார்கள். வாய் நிறையத் தின்றால் வசவு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு ஆட்டுக்குடலைக் கழுவி, கொத்துக்கறியும் சின்ன வெங்காயமும் மிளகும் அடைத்துத் தயார் செய்தேன்.

நேற்று பஸ்ஸில் வரும்போது, இன்றைய ஆட்டத்துக்குக் கல்லல் அணியைக் கூட்டி வரும் நாச்சியார் அக்காவுக்குப் போன் செய்து, "அக்கா, வெள்ளனமா வந்துருங்க. மைதானத்து கேட்டுக்கிட்டயே நிப்போம். கல்லல் ஆளுக வந்து இறங்குனதும் சுட ஆரம்பிச்சுருவோம். ஒருத்தரும் தப்பிக்க முடியாது" என்று சொன்னது உண்மை. பின் சீட்டில் இருந்த அழகுசுந்தரம் என்பவர் அதைக் கேட்டுப் புகார் கொடுத்ததாக இப்போது அறிகிறேன். நல்லெண்ணத்தில் கொடுத்திருப்பார். ஆனால் இரண்டு நிமிஷம் கூடக் காது கொடுத்திருந்தால் வெங்காயக் கணக்கும் அவருக்குக் கேட்டிருக்கும்.

இன்று மதியம் மைதான வாசலில் பாதி டிரம்மில் கரி பற்றவைத்துக்கொண்டிருந்தபோது போலீசார் வந்து, "துப்பாக்கி எங்கம்மா?" என்று கேட்டார்கள். இடுக்கிதான் இருக்கிறது என்று காட்டினேன். அதன் பிறகு இடுக்கி, டிரம், கறிச்சட்டி ஆகியவற்றைக் கைப்பற்றி, கேட்டைப் பூட்டி, என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். அபி கையுறை போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லது செய்யப் போய் அவள் ஆட்டத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகையாக வந்தது.

அதன் பிறகு கல்லல் வேன் நேராக நிலையத்துக்கே வந்தது. எங்கள் ஊர்க்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். போன வருஷம் அடிதடிக்குப் பிறகு இதே நிலைய வாசலில் எதிரெதிரே நின்று ஏசிக்கொண்ட இரண்டு ஊர்க்காரர்களும் இன்று ஒரே பக்கமாக நின்று எனக்காகப் பேசினார்கள். நாச்சியார் அக்கா, "எங்களத்தான சுடப்போறதாச் சொன்னாக? எங்களுக்குச் சம்மதம் சார். சட்டியக் குடுங்க, பசிக்கிது" என்றார். இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டவும், ஆட்டத்தை நடத்தவும் அனுமதி கொடுத்தார்கள். இனிப் போனில் 'வாட்டுவோம்' என்று சொல்லும்படியும் அறிவுறுத்தினார்கள். கறியைச் சுடுவதை எங்கள் ஊரில் சுடுவது என்றுதான் சொல்வோம். இருந்தாலும் ஆட்டம் முடியும் வரை அப்படியே சொல்லச் சம்மதிக்கிறேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உண்மையாக இருக்கிறது. கையெழுத்தின் மேல் இருப்பது கரிக்கறை. பிள்ளைகள் கேட்டில் காத்திருப்பதால் கை கழுவ நேரமில்லை.

(ஒப்பம்)
பா. பாண்டீஸ்வரி