ஆறு பத்துக்கு வரும் ரோசாப்பூ

கிஷாந்த், இன்று காலை ஒரு செய்தி வாசித்தேன். பால் முடிந்தால் தானாகவே நமக்குத் தகவல் அனுப்பும் பிரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்களாம். என் மனைவி இந்த வேலையை முப்பத்தெட்டு வருடம் செய்தாள். சமையலறையில் நின்று அவள் சொன்னால், ரயில் பாதைக்கு அப்பால் கடலில் குளிப்பவனும் பால் வாங்கப் போவான். அவளுக்கு ஒருநாளும் சார்ஜ் இறங்கியதில்லை.

உமது அப்பாவின் செத்தவீட்டில் நீர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர். "அங்கிள், அப்பா வியாழக்கிழமையே போயிட்டார் எண்டு டொக்டர் சொல்றார். அப்ப வெள்ளிக்கிழமை பிள்ளையார் படம் ஆர் அனுப்பினது?"

நான் இருமிச் சமாளித்தேன். நீர் கனடாவுக்குத் திரும்பு முன் சரியான பதிலைத் தந்துவிடுகிறேன். அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை எனக்கு.

தந்திப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன் நான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கட்டடத்தில் நான் நாலாம் மாடி. உமது அப்பா நாகேந்திரம் எனக்கு நேர் மேலே, ஐந்தாம் மாடி. எல்லோருக்கும் நான் தந்தி அண்ணை. நாலு வருடமாகக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு தொழில்நுட்பச் செய்தியும் கீழே என் அபிப்பிராயமும் போட்டு வந்தேன். ஒரு கம்பனி பத்தாயிரம் பேரை நீக்கிவிட்டு உடம்பு மெலிந்தோம் என்று அறிக்கை விட்டால், காதை வெட்டிவிட்டு முடியை ஒழுங்காக்கினேன் என்று சொல்லும் சலூன்காரனைப் பற்றி எழுதுவேன். ஓட்டுநர் இல்லாத கார் வந்தபோது, எங்கள் காலி வீதியில் பாய்ந்து வரும் ஒரு பஸ்சைக் கண்டால் அது அந்த இடத்திலேயே ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் என்றேன். குழுவில் இருபத்தாறு பேர். அவர்கள் பிள்ளைகளுக்கு அனுப்ப, பிள்ளைகள் சிநேகிதருக்கு அனுப்ப, என் கணிப்பில் பதினேழு நாடுகளில் மூன்று லட்சம் வாசகர்கள். குறைத்துத்தான் சொல்கிறேன்.

போன மார்கழியில் எனக்கு டெங்கு. பத்து நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பத்து நாளும் குழுவில் என் பெயரில் அபிப்பிராயம் வந்துகொண்டே இருந்தது. "தந்தி அண்ணை கட்டிலில இருந்து அனுப்பினவர்" என்று உமது அப்பா போட்டிருந்தார். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மடிக்கும் போன் பற்றி ஒன்று: "எங்கட லிப்ட்டுக்குள்ள நாலு பேர் ஏறினா ஆக்களே மடியினம். அதுக்கு ஒருத்தரும் லட்சம் குடுக்கேல்ல." வாசித்துவிட்டு நான் சிரித்தேன். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தைப்பொங்கலன்று மொட்டைமாடியில் எல்லோர் முன்னாலும் உமது அப்பா உண்மையை உடைத்தார்.

"அண்ணை, கோவியாதேங்கோ. சனம் உங்களைத் தேடும் எண்டுதான் செய்தனான். உங்கட பழைய எழுத்தெல்லாத்தையும் ஒரு ஏஐக்குக் குடுத்தன். லிப்ட் கதையையும் சொன்னன். அது எழுதிப்போட்டுது."

இரண்டாம் மாடி கௌரி பொங்கலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "காய்ச்சலோட எழுதினதுதான் திறம் எண்டெல்லோ நான் நினைச்சனான்? அப்ப இனி மெஷினையே எழுத விடுங்கோவன். அண்ணைக்கும் ஓய்வு."

இருபத்தாறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றே எழுதுவதை நிறுத்தினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

எங்கள் கட்டடத்து ஒழுங்கு உமக்குத் தெரியாது. பிள்ளைகள் வெளிநாட்டில், பதினொரு வீட்டில் தனி ஆட்கள். ஒவ்வொருவரும் காலை ஏழு மணிக்கு முன் குழுவில் ஒரு குட் மோர்னிங் படம் போட வேண்டும். படம் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் கௌரி மேலதிகச் சாவியுடன் போய்க் கதவைத் திறப்பாள். பதினொரு சாவியும் அவள் சமையலறை ஆணியில் தொங்குகின்றன. உலகத்தில் இதைவிட மலிவான மருத்துவக் கருவி கிடையாது.

மாசியில் உமது அப்பாவுக்குப் பிரஷருக்குப் புதுக் குளிசை கொடுத்தார்கள். எட்டு மணிவரை நித்திரை. மூன்று தரம் கௌரி கதவைத் திறந்துகொண்டு வந்து, இடுப்பில் கட்டிய சாரம் விலகிக் கிடந்தவரை எழுப்பியிருக்கிறாள். போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, மானம் போகுது. படத்தைப் போனே தானா அனுப்புற மாதிரிச் செய்யேலாதே?"

"ஏலும்."

"கௌரிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் ஏன் சொல்லுறன்?"

மூன்று நாள் உழைத்தேன். ஒரு வருடத்துக்கான படங்கள். சாதாரண நாளில் ஆறு பத்துக்கு ரோசாப்பூ, வெள்ளியில் பிள்ளையார், பௌர்ணமியில் தாமரை. சில நாள் நாலு நிமிடம் பிந்தும்படி வைத்தேன். மனிதன் என்றால் பிந்துவான். போன் செத்துவிடக் கூடாதென்று புறக்கோட்டையில் நீளமான சார்ஜர் வயர் வாங்கி அவர் கட்டிலோடு கட்டிக்கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எனக்குப் பதில் மெஷின் இருக்கலாம் என்றால் அவருக்குப் பதிலும் இருக்கலாம். அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது.

குளிசைப் பெட்டிக்குள் இருந்த தாளையும் வாசித்தேன். தலைசுற்றும், விழக்கூடும், தனியாக இருப்பவர் கவனம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாற்பத்தாறு நாள் காத்திருந்தேன். இத்தனை சந்தோஷமான நாற்பத்தாறு நாள் பென்சன் எடுத்த பிறகு எனக்குக் கிடைத்ததில்லை.

செவ்வாய் காலை பத்தே முக்காலுக்கு மேலே, குளியலறைப் பக்கம், ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் குழாயில் தட்டல் தொடங்கியது. அவர் குளியலறைக் குழாய்தான் என்னுடையதற்கும் இறங்கி வருகிறது. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். முப்பத்தொரு வருடம் தட்டலைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவன், கிஷாந்த். இந்தத் தட்டலில் எழுத்து இல்லை, சொல் இல்லை, அனுப்புநர் பெயர் இல்லை. அப்படிப்பட்ட செய்தியை ஏற்றுக்கொள்வது விதிக்குப் புறம்பு.

புதன் காலை ரோசாப்பூ வந்தது. நான் கைகூப்பிப் பதில் போட்டேன். வியாழன் காலையும் வந்தது. அன்று லிப்ட்டுக்குள் கௌரி, "நாகேந்திரம் அண்ணையை ரெண்டு நாளாக் காணேல்ல" என்றாள்.

"காலமை பூப் போட்டவரெல்லோ?" என்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

வீட்டுக்குள் வந்தபோது தட்டல் இருந்தது, மெலிந்துவிட்டது. ரயில் போகும் நேரம் கேட்காது, போன பிறகு திரும்பக் கேட்கும். டொக்டர் வியாழன் என்றுதான் சொன்னார், நேரம் சொல்லவில்லை. மாலை நாலு இருபது. குறித்து வைத்திருக்கிறேன்.

வெள்ளி பிள்ளையார் வந்தார். கௌரி தோசை கொண்டுபோய்த் தட்டினாள்; படம் வந்ததால் வெளியே போயிருப்பார் என்று திரும்பினாள். சனிக்கிழமை மணம் வந்த பிறகுதான் சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். நீர் ஞாயிறுகளில் மட்டும் போன் எடுப்பவர். அதில் நான் குறை சொல்லவில்லை. செத்தவீட்டன்று காலை உமது சட்டைப் பைக்குள் இருந்த அப்பாவின் போனிலிருந்தே ரோசாப்பூ போனதும், கௌரி ஓவென்று கத்தியதும் நான் திட்டமிட்டதல்ல. அது மேலதிகம்.

நான் உமது அப்பாவைத் தொடவில்லை. கேட்டதைச் செய்துகொடுத்தேன், சொல்லாதே என்றதைச் சொல்லவில்லை. இருந்தாலும் கொன்றவன் நான்தான். இதைப் பொலிசுக்குக் காட்டுவதும் விடுவதும் உமது விருப்பம். காட்டுமுன் கௌரிக்கு அனுப்பிவிடும். நாலு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன், கை கொஞ்சம் துருப்பிடித்திருக்கும். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லும்: இதை எந்த மெஷினாவது எழுதியிருக்குமா?