பொட்டு வைத்தவள் உயரம்

"அந்த அலமாரிக்குப் பொட்டு வச்சவ என்னைவிட உசரம்" என்றாள் அந்தப் பெண்.

தாராவி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் புருஷனும் பெண்சாதியுமாக இருந்தார்கள். பம்பாய் சோர் பஜாரின் பழைய சாமான் கடையில் பார்த்துவிட்டு வந்த பழைய சித்திர வேலை அலமாரியைப் பற்றித்தான் பேச்சு.

"கோவா சாமானாம், நூறு வருசமாம். புளுகுதான். ஸ்க்ரூ எல்லாம் தலையில கூட்டல் குறி வெட்டினது, முப்பது வருசம் இருந்தா அதிகம். அந்த மயிலும் கொடியும் ரங்கூன் வேலைதான். நம்ம வீட்டுல இருந்ததும் அப்படித்தான்லா?" என்றான் அவன்.

"வெளியில பாலீஷ் போட்டுட்டான். கதவுக்கு உள்ள ஆயுத பூசைக்கு வச்ச சந்தனப் பொட்டு, வருசா வருசம் ஒரே இடத்துல வச்சுக் கறையாயிட்டு. நம்மாளுக வீட்டு அலமாரிதான்."

"ஏளா, ஒருவேளை நம்மளதா இருக்குமோ? கப்பலேறும்போது ரங்கூன்லயே விட்டுட்டு வந்தோம்லா, எவனாவது வித்து இங்க வந்திருக்கும்."

"நான் நெஞ்சு உசரத்துல வைப்பேன். இது என் தலைக்கு மேல இருக்கு."

பஸ் மாட்டுங்கா தாண்டியது. பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அந்த உசரக்காரி எந்தக் கடையிலயாவது நம்ம அலமாரியத் திறந்து பாத்து, 'இதுக்குப் பொட்டு வச்சவ குட்டை'ன்னு சொல்லிருப்பாளா?"