முகத்தை மட்டும் விடச் சொன்னேன்

எனக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும். கடலுக்கடியில் வைக்கிற சிலைகளைச் செய்பவனுக்கு இது கொஞ்சம் கேவலம்தான், சிரித்துக்கொள்ளுங்கள். என் வேலை பட்டறையோடு முடிந்துவிடும். சிலையைக் கடலில் இறக்குவதும், அதன்மேல் பவளத் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டுவதும் மச்சானின் பொறுப்பு. அவர் என் மனைவியின் அண்ணன், பவளம் பற்றிப் படித்தவர். அழிந்துகொண்டிருக்கும் பவளத்திட்டைச் சிலைகள்மேல் மறுபடி வளர்த்தே தீருவேன் என்று பத்து வருடமாக ஒற்றைக்காலில் நின்றார்.

முதல் சிலை என் மனைவி. அவள் முகத்தில் பிளாஸ்டர் அப்பி நானே அச்சு எடுத்தேன். இருபது நிமிடம் அசையாமல் படுத்திருந்தாள், வாயாடி. நான்கே மாதத்தில் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. அந்த வகை அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். ஆகவே அவள் முகம் என்று உலகத்தில் இருந்தது அந்தச் சிலை ஒன்றுதான்.

"உடம்பு முழுக்க ஒட்டிக்குங்க மச்சான். முகத்தை மட்டும் விட்டுடுங்க" என்றேன்.

"சரி மாப்பிள்ளை" என்றார்.

ஒரு வருடம் கழித்து, மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு அவளைப் பார்க்க இறங்கினேன். கண் இருந்த இடத்தில் பவளம். கன்னத்தில், வாயில், எங்கும் பவளம். மூக்கருகே ஒரு சின்ன மீன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டார் மனுஷர். படகில் ஏறியதும், "எப்படி இருக்கா?" என்று ஆசையாகக் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

கப்பலின் அடியில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் பெயிண்டில் செம்புத்தூள் இருக்கும். ஒட்டி வாழும் உயிர்களுக்கு அது விஷம். அதைத்தான் அடுத்த பதினாறு சிலைகளின் மேல்பூச்சில் கலந்தேன். நிறம் காட்டிக்கொடுக்காமலிருக்கக் கொஞ்சம் கரி சேர்த்தேன். விசாரணை அதிகாரி அவர்களே, உங்கள் பரிசோதனைக்கூடம் கண்டுபிடித்தது சரிதான். நான் செய்தவற்றிலேயே அழகான சிலைகள் அவை.

அந்தக் கோடையில் கடல் சூடேறி, திட்டு முழுவதும் வெளுத்துச் செத்தது. பிழைத்த துண்டுகளை மட்டும் மச்சான் தொட்டிகளில் வைத்துப் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தார். பிறகு மொத்தத்தையும் என் சிலைகளில் ஒட்டினார். அந்தப் பவள இனம் வேறெங்கும் மிச்சமில்லை என்று எனக்கும் தெரியும். அவருக்குப் பசை பிசைந்துகொடுத்ததே நான்தான்.

ஐந்து வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மச்சான் படகில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"எங்க தப்பு பண்ணேன் மாப்பிள்ளை?"

முதுகைத் தடவிக்கொடுத்தேன். வெயிலின் கோளாறு என்றேன். அப்போதுதான் அவராகவே சொன்னார்.

"அவ முகத்துல ஒட்டுனதுல உங்களுக்கு வருத்தம்னு தெரியும். ஆனா அவதான் கேட்டா. 'முதல் துண்டை என் முகத்துலயே வைங்கண்ணா, அவர் வேணாம்னாலும் கேக்காதீங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டேன்."

"எனக்குத் தெரியாதே மச்சான்" என்றேன்.

அவள் அதைச் சொன்னபோது, அடுத்த அறையில் அவளுக்காகப் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது.