மாசத்துல ஒரு ஞாயிறு

இல்லைங்க, அது சரியா வராது. மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம் போதும்னு நீங்க சொல்றது பேப்பர்ல பாக்க நல்லாத்தான் இருக்கும். நடைமுறைக்கு ஆகாது. முதல்ல இப்படி ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க. அது வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் வாதம். ஆங், இதுல. ஆளுங்க வர இன்னும் நேரம் கெடக்கு. நீங்க சீக்கிரம் வந்ததும் நல்லதாப் போச்சு. எல்லாரும் வந்தப்புறம் இந்தப் பேச்சை எடுத்தா இது கூடமா இருக்காது, சந்தைக்கடை ஆயிடும்.

உங்களைச் சார்னு கூப்பிடவா, தம்பின்னு கூப்பிடவா? வயசுக்குத் தம்பி. வந்திருக்கிற வேலைக்குச் சார். சரி, சார்னே வெச்சுக்குவோம். தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்தவரைத் தம்பின்னு கூப்பிட்டுட்டேன்னு அது வேற ஒரு புகாரா போய்ச் சேரக் கூடாது பாருங்க.

நானா? நான் மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன் சார். கடைத்தெரு முனையில, மாடிப்படிக்குக் கீழ. இங்க எனக்கு ஏற்பாட்டாளர்னு பேரு. பேருதான் பெருசு, வேலை என்னன்னா கூடத்தைத் திறந்து பெருக்கறது, நாற்காலி போடறது, வாலண்டியருங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, அண்ணே ஞாயித்துக்கிழமை ஸ்கவுட் மாஸ்டருங்க கூட்டம், மறந்துடாதீங்கன்னு கெஞ்சறது. சம்பளம் வாங்கறவனையே வேலைக்கு வரவைக்கறது கஷ்டம். இவங்க சும்மா வர்றவங்க. வாரம் பூரா ஒழைச்சுட்டு, கெடைக்கிற ஒரு லீவு நாள்ல, அடுத்தவன் புள்ளைக்குக் கூடாரம் அடிக்கச் சொல்லித் தர்றதுக்காக இங்க படிக்க வர்றாங்க. அவங்களை மாசா மாசம் பாக்கலைன்னா கைநழுவிப் போயிடுவாங்க சார்.

பயிற்சி குடுக்கறது என் சம்சாரம். ஆஸ்பத்திரில நர்ஸ். அதனால இங்க எல்லாருக்கும் சிஸ்டர். கூட்டம் நடக்கறப்போ நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். கட்டின பொண்டாட்டிய சிஸ்டர்னு கூப்பிடற ஒரே மனுஷன் உலகத்துலயே நீதான்யான்னு கூட்டத்துக்கு வர்ற பேக்கரிக்காரர் கிண்டல் பண்ணுவார். என்ன பண்றது, சபைன்னு ஒண்ணு இருக்குல்ல.

வருவாங்க, வருவாங்க. காலை ஷிப்ட் மாத்திக் குடுத்துட்டு நேரா இங்க வந்துடுவாங்க. நீங்களே பேசிக்கலாம்.

போன்லயா? வீடியோ எடுத்து அனுப்பிடலாம்னு சொல்றீங்க. சார், கோவிச்சுக்காதீங்க. நீச்சலைப் படம் பாத்துப் படிச்சவன் கதை மாதிரி ஆயிடும். போன மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு கூட்டம் நடந்துச்சு. கேம்ப்ல சின்னப் புள்ள வீட்டு ஞாபகம் வந்து அழுதா மாஸ்டர் என்ன பண்ணணும், அதான் அன்னிக்குப் பாடம். நம்ம பல் டாக்டர் இருக்காரே, ஆளு பீரோ மாதிரி இருப்பார், அவரைத்தான் புள்ளையா நடிக்கச் சொன்னாங்க சிஸ்டர். அவரும் தரையில சப்பணம் போட்டு உக்காந்துட்டு, அம்மா கிட்ட போகணும், அம்மா கிட்ட போகணும்னு கண்ணைக் கசக்கறார். சமாதானம் பண்ண வந்தது பஸ் டிரைவர். அவர் பக்கத்துல போய் நின்னு, அழாத கண்ணு, உங்க ஊருக்குக் கடைசி பஸ் போயிடுச்சுன்னார்.

சிரிக்கறீங்கல்ல? கூடமே குலுங்கிப் போச்சு. சிஸ்டர் சிரிக்கல. அந்த டிரைவர் பக்கத்துல போய்ச் சொன்னாங்க, நீங்க நின்னுக்கிட்டே பேசறீங்க. மொதல்ல உக்காருங்க. ஆறுதல் எதுவும் சொல்லாதீங்க. உங்க வீட்டுல இப்போ யார் என்ன பண்ணிக்கிட்டு இருப்பாங்கன்னு கேளுங்க. அது பேசட்டும். வீட்டைப் பத்திப் பேச விட்டுட்டாப் போதும், புள்ள அந்த எடத்துல நிலைச்சுடும்னாங்க.

அந்த டிரைவர் லீவுல கேம்ப் போனார். அங்க ஒரு சின்னப் பொண்ணு, சாப்பிடாம ரெண்டு வேளையா அழுகை. இவர் போய்ப் பக்கத்துல உக்காந்து, உங்க அப்பா இப்போ என்ன பண்ணுவார்னு கேட்டிருக்கார். குறட்டை விடுவார்னு சொல்லிட்டுச் சிரிச்சுடுச்சாம் அது. அதை அடுத்த மாசம் இங்க வந்து சொல்றப்போ அந்த ஆளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இருவது வருஷமா பஸ் ஓட்டறேன், ஒருத்தரும் எனக்கு நன்றி சொன்னதில்லை சார்னார். இதை எந்த வீடியோல அனுப்புவீங்க?

எப்படித் திட்டம் போடறதுன்னா… பெருசா ஒண்ணுமில்லைங்க. வந்த உடனே போன மாசம் யாருக்கு எது சொதப்பிச்சுன்னு பேசிடுவோம். வெக்கப்படாம சொல்லணும், கேக்கறவங்க சிரிக்கலாம், ஆனா குத்திக்காட்டக் கூடாது. அப்புறம் கைவேலை. காயத்துக்குக் கட்டுப் போடறது, முடிச்சு, வரைபடம், அந்தந்த மாசத்துக்கு எது தேவையோ அது. மழை வர்றதுக்கு முன்னாடி கூடாரத்தைச் சுத்திக் கால்வாய் வெட்டறது. கேம்புக்கு முன்னாடி புள்ளைங்களைத் தலை எண்றது, தண்ணி ஓரம் போகாம நிறுத்தறது. பரீட்சை மாசத்துல சுருக்கமா முடிச்சுடுவோம். கெளம்பறதுக்கு முன்னாடி அடுத்த கூட்டத்துல யார் எதை நடத்தறதுன்னு பிரிச்சுக் குடுத்துடுவாங்க சிஸ்டர். கையில ஒரு வேலை இருந்தாத்தான் ஆளு திரும்பி வருவான்னு அவங்க கணக்கு.

நான் வந்து மூணு வருஷம் ஆகப் போகுது. அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவங்களும் எங்க பையனும்தான் இதுல கெடந்தாங்க. அவன் குட்டியா இருக்கறப்போ ஸ்கவுட்ல சேந்தவன், வளந்து இங்கயே மாஸ்டர் ஆனான். மாசா மாசம் அந்தச் சனிக்கிழமை ஆச்சுன்னா ரெண்டு பேரும் சாப்பாட்டு மேஜை மேல கயிறைப் பரப்பிக்கிட்டு மறுநாள் கூட்டத்துக்குத் திட்டம் போடுவாங்க. எனக்குத் தட்டு வைக்க எடம் இருக்காது. குடும்பமா நடத்தறோம், கூடாரமா அடிக்கறோம்னு கத்துவேன்.

இல்ல சார். இப்போ இல்ல. ஒரு நாள் காலையில பைக்கை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனான். லாரி. இவன் பக்கம் தப்பில்ல, ரோட்டுல நின்னவங்களே சொன்னாங்க.

பரவாயில்லைங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்? உக்காருங்க, உக்காருங்க. எழுந்திருக்காதீங்க.

எதுக்கு அந்த ஃபைலைப் பொரட்டறீங்க? ஓ, பரிசோதனை ரிப்போர்ட்டா. தெரியும். போன தடவை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து எங்க எல்லாரையும் முடிச்சுப் போடச் சொல்லிப் பாத்தாரு. படிங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல தவறாம வர்ற ஒருத்தருக்கு அடிப்படை முடிச்சே தெரியலை, ஆகவே மாசக் கூட்டத்தால பயனில்லை… ஆமா. அது நான்தான்.

இல்ல, பொய்யில்ல, அவர் பாத்ததைத்தான் எழுதியிருக்கார். ஆனா சிஸ்டர் மேல அந்தப் பழி விழக் கூடாது சார். நானா இதைச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். உங்க பின்னாடி அந்த ஆணியில தொங்குது பாருங்க கயிறு, அதை எடுங்க. குடுங்க. ஆளை இடுப்புல கட்டித் தூக்கற முடிச்சு, அதானே? பாத்துக்கோங்க. ஆச்சு. இழுங்க. நல்லா பலமா இழுங்க. கெணத்துல விழுந்தவனைத் தூக்கலாம், இறுகாது, அவுராது. கண்ணை மூடிக்கிட்டும் போடுவேன். கடையில ஆள் வராத நேரத்துல மேஜைக்குக் கீழ கையை வெச்சுப் போட்டுப் போட்டுப் பழகினது.

அப்ப ஏன் அன்னிக்குத் தப்பா போட்டேன்னா… அவ பாத்துக்கிட்டு இருந்தா சார்.

சரியா போட்டா அவ நல்லா இருக்குன்னு தலையாட்டிட்டு அடுத்த ஆள் கிட்ட போயிடுவா. தப்பா போட்டா நிப்பா. பக்கத்துல உக்காருவா. என் கையைப் புடிச்சு, இல்லைங்க, இந்த நுனி மேலேர்ந்து வரணும், நீங்க கீழேர்ந்து கொண்டு வர்றீங்க, மறுபடி போடுங்க பாப்போம்னு சொல்லுவா. முழுசா, ஒரு வாக்கியம் பாக்கியில்லாம.

வீட்டுல அவ பேசறதில்ல.

சண்டைன்னா பரவாயில்லையே, சமாதானம்னு ஒண்ணு வரும். கோவமே கெடையாது. எனக்குக் காய்ச்சல்னா நெத்தியில கை வெச்சுப் பாத்துட்டு மாத்திரை எடுத்து வைப்பா. சட்டையில பட்டன் போனா மறுநாள் இருக்கும். பேச்சு மட்டும் இல்ல. ஆரம்பத்துல பேசினோம், ராப்பகலா அவனைப் பத்தித்தான் பேசினோம். அப்புறம் எதைப் பேசினாலும் அவன் கிட்டயே போய் நிக்க ஆரம்பிச்சுது. உப்புப் போதுமான்னு அவ கேட்டா, அவனுக்கு உப்புக் கம்மியா வேணும்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் வரும். குடை எடுத்தீங்களான்னு கேட்டா, அவன் குடையே எடுக்க மாட்டான்னு வரும். ஒரு நாள் பாதி வார்த்தையில நிறுத்தினா. சரி, அழுகை வருது போலன்னு நெனச்சேன். மிச்சப் பாதி வரவே இல்ல. நானும் பேசிப் பாத்தேன். நான் பேசப் பேச அவ மூஞ்சி சுருங்கறதைப் பாத்துட்டு நானும் விட்டுட்டேன்.

மனநல டாக்டர் கிட்டயும் போனோம், அவளை மட்டும் தனியா உள்ள கூப்பிட்டாங்க. அங்க நல்லாப் பேசினாளாம். ஆஸ்பத்திரியில நோயாளிங்க கிட்டயும் பேசறா. எங்க வீட்டுக் கதவுக்கு உள்ள மட்டும்தான் அவளால முடியலை. வேணும்னு செய்யறதில்ல சார், அது எனக்குத் தெரியும்.

அப்படி இருக்கறப்போதான் பேக்கரிக்காரர் ஒரு ஞாயித்துக்கிழமை கடைக்கு வந்தார். அப்போ அவர்தான் ஏற்பாட்டாளர். சிஸ்டர் இன்னிக்கு மறுபடி வர்றாங்க, எனக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு, நாற்காலி மட்டும் போட்டுக் குடுங்கன்னார். வந்தேன். போட்டுட்டு, அதோ அந்தச் சாமான் அறைக்குள்ள ஏதோ எடுக்கப் போயிருந்தேன். வெளிய அவ குரல் கேட்டுச்சு. வணக்கம், எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டா. அவ்வளவுதான். அங்கயே கூடாரத் துணி மேல உக்காந்துட்டேன். எத்தனையோ மாசம் கழிச்சு என் பொண்டாட்டி குரலைக் கேக்கறேன். இந்தக் கூடத்துல அவளால வாயே தெறக்க முடியாதுன்னு நான் நெனச்சிருந்தேன், அவன் வளந்த எடமாச்சே. தலைகீழா இருந்துச்சு. இடையில அவன் பேரைக்கூடச் சொன்னா. அவன் இதை வேற மாதிரி சொல்லித் தருவான், ரெண்டும் சரிதான்னு, தண்ணி குடிக்கற மாதிரி சொல்லிட்டுப் போனா. இங்க அவன் ஒரு ஸ்கவுட் மாஸ்டர். வீட்டுலதான் அவன் புள்ள.

மறு வாரமே பேர் குடுத்துட்டேன். இந்த வயசுல, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு. சமூக சேவைன்னு எல்லாரும் மெச்சிக்கறாங்க. நான் மறுக்கறதில்ல.

அதனால, நீங்க ரிப்போர்ட்ல என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோங்க, மண்டு, மரமண்டைன்னு கூட எழுதுங்க. கூட்டத்துல கை வைக்காதீங்க. மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு ஆக்கிட்டீங்கன்னா, எனக்கு வருஷத்துல நாலே நாளுங்க.

செருப்புச் சத்தம். அவதான். நான் சொன்னதா காட்டிக்காதீங்க சார், தயவுசெஞ்சு. உங்க திட்டத்தைப் பத்தி நேரா அவ கிட்டயே கேளுங்க. ஆனா கொஞ்சம் பெரிய கேள்வியா பாத்துக் கேளுங்க. சின்னதா கேட்டா ஆமா, இல்லைன்னு முடிச்சுடுவா. நான் இங்கயே செவுத்தோரம் நின்னுக்கறேன்.