ஈரத்தலைக்குக் காற்று ஆகாது

சுக்குப் பற்றுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அதை நெற்றி முழுக்க அப்பிவிடுகிறார்கள். அது தவறு. வெந்நீர் விட்டு உரைத்து, வலிக்கிற பக்கத்து நெற்றிப்பொட்டில் மட்டும் இளஞ்சூடாகப் போட வேண்டும். முழு நெற்றியிலும் பூசினால் எரிச்சல்தான் மிஞ்சும், வலி இடத்தை விட்டு நகராது. இந்தத் தலவாக்கலைக் கடைத்தெருவில் அதைச் சரியாகப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லவில்லை இன்ஸ்பெக்டர் ஐயா. ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மாள்கூட ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிடுவார்.

நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வேலைக்காரி வேலாயியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள். அவளை அனுப்பிவிடுங்கள். அவள்தான் கணப்புச் சட்டியில் கரியை அள்ளிக் கொட்டிவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அந்தச் சட்டியைப் பற்றவைக்கவே அவளுக்கு வராது. தீப்பெட்டியைப் பாதி காலியாக்கிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்து நிற்பாள்.

என் பெயர் நாகலெட்சுமி. ஜவுளிக்கடை கணேசமூர்த்தியின் மனைவி ஜெயலெட்சுமி என் கூடப்பிறந்த தங்கை. அம்மா இறந்தபோது அவள் தவழ்கிற பிள்ளை, தூக்கி வளர்த்தவள் நான். என் புருஷன் காலராவில் போன பிறகு திருச்சிப் பக்கம் பெரியண்ணன் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பது ஒரு மரியாதைக்கு. மாட்டுக்கொட்டிலை ஒட்டின தாழ்வாரத்தில் படுக்கை. எல்லாரும் கை கழுவிய பிறகு மிச்சச் சோறு. நல்ல காரியம் நடக்கிற நாளில் யார் கண்ணிலும் படாமல் பின்கட்டில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். விதவைக்கு ராசி கிடையாது என்று அண்ணன் மனைவி என் காதுபடவே சொல்வாள்.

ஜெயா கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த மறு வருஷம், தலைவலி தாங்க முடியவில்லை, அக்கா வந்தால்தான் பிழைப்பேன் என்று சொல்லியனுப்பினாள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி வந்தேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர். ரயிலடிக்கே வந்து என் மூட்டையைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

"இனிமே இது உங்க வீடு மதினி. வேற எங்கயும் போகணும்னு நெனைக்காதீங்க" என்றார்.

நான் அதை நம்பினேன். அந்தக் குளிரில், ரயில் புகைக்கு நடுவில் நின்று அழுதுவிட்டேன்.

அவள் தலைக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. தும்பைப்பூச் சாற்றை மூக்கில் விட்டோம். யூகலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் ஆவி பிடித்தோம். பொகவந்தலாவைப் பூசாரி ஒருவர் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கொடுத்தார். சிங்கள வைத்தியர் கொடுத்த எண்ணெயின் நாற்றத்துக்கு எனக்கே தலைவலி வந்தது. ஹட்டனில் ஒரு டாக்டர் பல்லில்தான் கோளாறு என்று நல்ல கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். கண்டிக்குப் போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். அதைப் போட்டுக்கொண்டு அவள் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தாள், அவ்வளவுதான் பலன்.

கடைசியில் ஊரிலிருந்து வந்திருந்த வைத்தியர் ஒருவர், தலையில் சூடு ஏறியிருக்கிறது என்றார். செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் முழுக்கு, முழுகியதும் சாம்பிராணி, ஈரத்தலையில் காற்று படவே கூடாது. ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். அங்கே முற்றத்தில் கூந்தலை விரித்துப் போட்டு உட்கார்ந்தால் வெயிலே பாதி வேலையை முடித்துவிடும். இந்த மலையில் முற்றம் ஏது, வெயில் ஏது? பெரும்பாதி நாள் மழை, இல்லாவிட்டால் பனிமூட்டம். அதனால் பலகைச் சுவரின் இடுக்குகளில் பழந்துணியைத் திணித்து, இருக்கிற ஒரே சன்னலையும் அடைத்து, கட்டில் ஓரத்தில் கணப்புச் சட்டியை வைத்து, சாம்பிராணி தூவி அவளைப் படுக்கவைப்போம். அந்தச் சட்டியை முதலில் வாங்கி வைத்தவரே மாப்பிள்ளைதான். ஊரிலிருந்து வந்த புதுப்பெண் குளிரில் நடுங்குகிறாளே என்ற கரிசனம். மழைக்காலம் முழுக்க அது அந்த அறையில் கனன்றுகொண்டேதான் இருக்கும்.

முழுகின நாளில்தான் வலி அதிகமாக வரும். எண்ணெய் சூட்டைக் கிளப்பி வெளியே தள்ளுகிறது, போகிற சூடு வலிக்கத்தான் செய்யும் என்று எல்லாரும் சொன்னோம். நானும் நம்பித்தான் சொன்னேன். வலி வந்ததும் அவளை எழுப்பிச் சமையற்கட்டுக்குக் கூட்டிவந்து, தலையை என் மடியில் வைத்துப் பொட்டை அமுக்கிவிடுவேன். நாலு பக்கமும் காற்று வருகிற இடம். கொஞ்ச நேரத்தில் குறையும்.

"உங்கையில என்னமோ இருக்குக்கா" என்பாள்.

மாப்பிள்ளை வாசற்படியில் வந்து நின்று, இப்போது எப்படி இருக்கிறது மதினி என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போவார். அந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மேல்தோட்டத்து ராக்காயி எங்களுக்குக் கரி கொண்டுவருகிறவள். ஒரு நாள் மூட்டையை இறக்கிவிட்டு அடைத்திருந்த சன்னலைப் பார்த்தாள்.

"என்னங்கம்மா, நெருப்ப உள்ள வச்சுக்கிட்டு இப்பிடி அடைச்சுப் போட்டிருக்கீங்க?"

"ஈரத்தலைக்குக் காத்து ஆகாதுல்ல."

"எங்க லயத்து வரிசை வீட்டுல ஆண்டியப்பன் இப்பிடித்தாங்க செஞ்சான். போன மழைக்கு, குளுருதுன்னு கரிச்சட்டிய உள்ள வச்சு இடுக்கெல்லாம் அடைச்சுட்டுப் படுத்தாங்க. காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்கு ஆளக் காணோம்னு கதவ ஒடச்சாங்க. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் போயிட்டாங்க. பேய் அடிச்சிருச்சுன்னு சனங்க சொல்லிச்சு. மருந்துக்கார ஐயாதான் அது கரிக் காத்துன்னாரு. கண்ணுக்குத் தெரியாதாம். மொதல்ல தலைய வலிக்குமாம், அப்புறம் தூக்கம் தூக்கமா வருமாம்."

அவளுக்குக் கோப்பி கொடுத்து அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை சன்னலை நாலு விரற்கிடை திறந்துவைத்து, தெரியாதபடி திரையை இழுத்துவிட்டேன். ஜெயா எழுந்து உட்கார்ந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. டாக்டரும் கண்ணாடிக்காரரும் பூசாரியும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்திருந்தேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் "என்னங்க" என்று கடைப் பக்கம் ஓடிவிட்டாள். இரண்டு பேரும் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்துதான் வந்தார்கள். நான் உரைத்து வைத்திருந்த சுக்கு கல்லிலேயே காய்ந்துபோயிருந்தது. அக்கா சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பழைய நாட்கள் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அடுத்த செவ்வாய்க்கிழமை சன்னலை அடைத்தேன்.

அதைக் குற்றம் என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். தலைவலியால் யாரும் செத்ததில்லை. நான் கவனமாகவே இருந்தேன். கரியைப் பார்த்துத்தான் போடுவேன். அவள் முகம் வெளுத்தால் இரண்டு முழுக்குக்குச் சன்னலைத் திறந்துவிடுவேன். அவர்கள் வெளியே கிளம்பலாம் என்று பேசிக்கொண்டால் மட்டும் மறக்காமல் அடைப்பேன். வலி சட்டியிலிருந்து வந்தது, ஆறுதல் என் கையிலிருந்து வந்தது. இப்படியே வருஷங்கள் போயின. எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம் உண்டா என்று தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இந்தப் பங்குனியில் மஸ்கெலியாவில் எங்கள் சின்னம்மா காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டாள். பார்த்துக்கொள்ள நான் போக வேண்டியதாயிற்று. ஜெயா தலையை யார் பார்ப்பார்கள் என்று அங்கே எனக்குத் தூக்கமே இல்லை. திரும்பி வந்தால், அவள் கன்னமெல்லாம் உப்பி, கலகலவென்று இருக்கிறாள். எனக்குக் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையும் வாசற்படியில் வந்து நின்றார்.

"அக்கா, கோவிச்சுக்காத. நீ இல்லாத இத்தன நாளும் எனக்குத் தலையே வலிக்கல."

"நல்லதுதானேடி."

"ஹட்டன் ஜோசியர்ட்ட கேட்டோம். நம்ம ரெண்டு பேரு ராசியும் ஒரே கூரைக்கு ஒத்துக்காதாம். உன்மேல தப்பு இல்லக்கா. பெரியண்ணன் வீட்டுல நீ சவுகரியமா இருக்கலாம். அவங்களும் சரின்னுட்டாங்க. இவங்க டிக்கெட்டும் எடுத்துட்டாங்க."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார்.

அவள் தலை வலிக்காமல் போனதற்குக் காரணம் வேலாயி. சட்டியைப் பற்றவைக்கத் தெரியாமல், பங்குனி வெயிலில் பின்பக்கக் கல்லில் உட்காரவைத்து அவள் தலையை உலர்த்தியிருக்கிறாள். அது யாருக்கும் தோன்றவில்லை. சட்டியையும் சன்னலையும் கண்டுபிடித்து, ஏனக்கா இப்படிச் செய்தாய் என்று ஜெயா கேட்டிருந்தால், நான் அவள் காலில் விழுந்திருப்பேன். அது நான் செய்தது. அவள் என் ராசியைச் சொன்னாள். நான் செய்யாத ஒன்றுக்காக, வளர்த்தவள் என்றும் பாராமல், எந்த வார்த்தைக்குப் பயந்து கடல் தாண்டி வந்தேனோ அதே வார்த்தையைச் சொல்லி அதே தாழ்வாரத்துக்கு என்னை அனுப்பப் பார்த்தாள். துரோகம் என்று நான் இதைத்தான் சொல்வேன். ஆனாலும் கோப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஆனி மாதம், பயணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அவளாகவே வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கடைசியா ஒரு தடவ உங்கையால எண்ண வச்சு விடுக்கா."

நல்லெண்ணெயைக் காய்ச்சி, சீயக்காய் தேய்த்து, குறையில்லாமல் முழுக்காட்டினேன். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் ஆனதால் கடையில் நல்ல கூட்டம். வேலாயியைத் துணி அலசக் குழாயடிக்கு அனுப்பினேன். வழக்கமாக ஒரு சட்டி வைப்பேன். அன்றைக்கு இரண்டு வைத்தேன், தளும்பத் தளும்பக் கரி போட்டு. இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அடைத்தேன். சாம்பிராணி மணம்கூட வெளியே வரவில்லை. அவளுக்குப் போர்த்திவிட்டு, கூந்தலைத் தலையணைக்குப் பின்னால் விரித்துவிட்டு, வெளியே வந்து நாதாங்கியைப் போட்டேன். பிறகு வாசலிலேயே முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, தலை வலிக்குதுக்கா" என்றாள். நான் இன்னொரு பிடி அரிசியை முறத்தில் போட்டேன். கட்டில் கிரீச்சிட்டது. எழுந்திருக்கப் பார்த்திருப்பாள், கால் நிற்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை "அக்கா" என்றாள், சின்னப் பிள்ளையில் தூக்கத்தில் என்னைத் தேடுகிற மாதிரி. அதற்கப்புறம் சத்தம் இல்லை. இருந்த அரிசி முழுவதையும் பொறுக்கி முடித்துவிட்டு, நாதாங்கியை எடுத்து, மாப்பிள்ளைக்குக் குரல் கொடுத்தேன்.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஆனால் மாப்பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் அந்தப் பக்கம் துணி கிழித்துக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. ஜெயா கூப்பிட்டது அவருக்கும் கேட்டிருக்கும், வழக்கம்போல அக்காளைக் கூப்பிடுகிறாள் என்று இருந்திருப்பார். உயிர் போகிற நேரத்தில் அவள் அவரைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள். ராசி ஆகாதவளை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.