பேரோ வயலின் பெயர்

"ஹலோ... ஆமா மாமா, எட்மண்ட்தான்... கேக்குது, கேக்குது. பின்னாடி என்ன சத்தம்?... ஜேசிபி வந்தாச்சா? பேரோ வயலுக்கா?... வேண்டாம். அதை ஓட்டற கோலின்கிட்ட நிறுத்தச் சொல்லுங்க. பக்கெட்டை இறக்கவே கூடாது... ஆமா, கவுன்சிலுக்குப் போன கடிதம் என்னுதுதான். பேரோங்கற பேருக்கு அங்க தோப்புன்னு அர்த்தம் இல்ல."

மேஜையில் ஹெஸ்டரின் குறிப்பட்டைகள் இருந்த பெட்டி திறந்திருந்தது. இங்கிலாந்தின் டார்செட் பகுதி ஊர், வயல் பெயர்களின் அர்த்தத்தையெல்லாம் அட்டையில் எழுதிவைத்தவள், மார்ச்சில் இறந்துபோனாள்.

"தெரியும் மாமா, ஹெஸ்டர் புத்தகத்துல தோப்புன்னுதான் இருக்கு. அதைக் காட்டித்தான் வீடு கட்ட அனுமதி வாங்கினீங்க... கேளுங்க. இன்னிக்குப் பார்க்க ஒரே வார்த்தை. ஆதியில நாலு. ஒண்ணு தோப்பு. ஒண்ணு செத்தவங்களைப் புதைச்ச மேடு. ஒண்ணு சுமை தூக்கற கட்டை, நம்ம தள்ளுவண்டிக்கு வீல்பேரோங்கற பேரு அதுலேருந்து வந்ததுதான். இன்னொண்ணு... காயடிச்ச பன்னி... சிரிங்க, நல்லா சிரிங்க. பன்னி வயல்னா எனக்கும் நிம்மதிதான்..."

"எந்த அர்த்தம்னு எப்படித் தெரியும்னா, இருக்கறதுலயே பழைய பத்திரத்தைப் பார்க்கணும். எழுநூறு வருஷப் பத்திரம் ஒண்ணு போன வாரம் கிடைச்சுது. அதுல மேடுன்னுதான் எழுதியிருக்கான்... வெறும் மண் மேடா? அப்போ உங்கப்பா ஏன் அதை மட்டும் தொடாம சுத்தி உழுதார்?... பழக்கமா? யார் பழக்கிவிட்டது?"

"இல்ல மாமா... நான் அப்படிச் சொல்லல... அவளை முட்டாள்னு யார் சொன்னா?... கத்தாதீங்க... ஆமா, உங்க பொண்ணுதான். என் பெண்டாட்டியும்தான்."

எட்மண்ட் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பினான்.

"அவ தப்புப் பண்ணல. முன்பக்கம் அர்த்தம் எழுதுவா, பின்பக்கம் சந்தேகம் எழுதுவா. இதுல பின்பக்கம் இருக்கு, படிக்கிறேன். 'உறுதியில்லை. மேடாகவும் இருக்கலாம். பழைய பத்திரம் பார்க்காமல் அச்சிட வேண்டாம்.'... பென்சில்ல. கோணல்மாணலா. ஆஸ்பத்திரில எழுதினது..."

"அச்சுக்கு அனுப்பினது நான்... ஆமா, நான்தான். அடக்கம் முடிஞ்ச வாரம். இருநூறு அட்டை. முன்பக்கத்தை மட்டும் பார்த்து டைப் அடிச்சேன். ஒண்ணைக்கூடத் திருப்பல... ஏன்னா... தெரியல. அப்ப எதுவுமே தெரியல மாமா... கவுன்சிலுக்கும் அப்படியே எழுதிட்டேன், தப்பு என்னோடதுன்னு. தோண்டறதுக்கு முன்னாடி அவங்க ஆள் வந்து பார்க்கணும்..."

"திட்டுங்க. எவ்வளவு வேணா திட்டுங்க. முதல்ல அந்த ஆளை நிறுத்துங்க... மாமா? சத்தம் ஏன் கூடுது?... இறக்கறானா?... மாமா! ஹலோ!"

இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. போனில் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

"ம்... இருக்கேன்... நின்னுடுச்சு, கேட்டுது... என்னது?... அவ எழுதினதை மறுபடியும் படிக்கணுமா?... சரி. இல்ல, அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாவே படிக்கிறேன். 'உறுதியில்லை. மேடாகவும் இருக்கலாம். பழைய பத்திரம்...' மாமா?... மாமா, இருக்கீங்களா?"

அவர் இணைப்பைத் துண்டித்திருந்தார். எட்மண்ட் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மிச்ச வரியையும் சத்தமாகப் படித்து முடித்தான்.